தும்பையா பார்ப்பதற்குள்

மலேசியாவின் யோங் பெங்கில் புஷ்பவள்ளி நடத்தும், வருகிறவர்களே துணியைத் துவைத்துக் காயவைத்துக்கொள்ளும் டோபிக் கடையின் நாலாம் நம்பர் டிரையருக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டது. ஊரில் யாரும் அதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. சூடான காற்று, பக்கத்திலேயே மீன் கடை, உடல் புதையும் அளவுக்கு மெத்து மெத்தென்று ஒரு படுக்கை. இவ்வளவும் ஒரே இடத்தில் அமைந்தால் எந்தப் பூனையும் வேறு ஆஸ்பத்திரி தேடாது.

சிக்கல் அந்தப் படுக்கையில்தான் இருந்தது. சட்டை, கைலி, போர்வை, துண்டு எல்லாம் டிரையரில் சுழலும்போது அவற்றிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சமாச்சாரம் உதிரும். அது டிரையரின் வலையில் படியும். துணியை எடுப்பவர்கள் அந்த வலையை உருவி, படிந்ததை வழித்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நம் ஆட்கள் அதைச் செய்யவில்லை. அது வலையை நிறைத்துக்கொண்டு, குழாய் வழியாக வெளியேறி, சுவரோரம் ஒதுங்கி, பூனைக்குப் பிரசவம் பார்த்தது.

பூனையைக் குடும்பத்தோடு ஒரு பழைய கூடைக்குக் குடியேற்றிய மறுவாரமே அதே டிரையரிலிருந்து புகை வந்தது. பெரிய புகை இல்லை, சாம்பிராணி போட்ட அளவுதான். ஆனால் பக்கத்துக் கடை லிம்முக்கு மூக்கு நீளம்.

இரண்டு கடைகளும் இருந்த கட்டடத்துக்கு லிம்தான் சொந்தக்காரர்; ஊரில் எல்லோருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. சின்ன வயதில் எஸ்டேட் ஓரத்தில் அப்பாவின் மளிகைக் கடையில் கற்ற தமிழ் அவரிடம் இன்னும் கெடாமல் இருந்தது. அவர் விற்பது காகிதச் சாமான்கள். காகித வீடு, காகிதக் கார், காகிதக் கைப்பேசி. வாங்குகிற சீனர்கள் அவற்றைக் கொளுத்திச் செத்துப்போன உறவினர்களுக்கு அனுப்பிவைப்பார்கள்.

"தங்கச்சி, இங்க வா," என்று கூப்பிட்டார் லிம். "என் கடையில என்னா இருக்கு? பேப்பர். மேல என்னா இருக்கு? பேப்பர். உன் கடையிலேருந்து ஒரு பொறி பறந்தா என் சரக்கு பூரா ஒரே நாள்ல மேல போயிடும். அட்ரஸ் இல்லாம போகும்லா. அங்க யாரு யாரு கார்ல ஏறுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? சண்டை வரும். இன்னொரு தடவை புகை வந்தா, கடை தூத்தோப்."

தூத்தோப் என்றால் அடைத்துவிடு என்று அர்த்தம். அவர் கையை அசைத்த விதத்தில் மலாய் தெரியாதவர்களுக்கும் அது விளங்கியிருக்கும்.

புஷ்பவள்ளி பத்தொன்பது வயதில் செனாயில் ஒரு ஃபேக்டரிக்குள் நுழைந்து, முடி நரைத்தபின் வெளியே வந்தவள். வந்த கையோடு தொடங்கிய கடை இது. கணவன் குணாளன் லாரியில் வடக்கே போனால் எப்போது திரும்புவான் என்பது லாரிக்கே தெரியாது. மிஷின்களின் இரைச்சல்தான் அவளுக்கு வீட்டுச் சத்தம். இதை அடைத்தால் மறுபடி யாரிடம் போய்க் கைகட்டி நிற்பது?

அன்றைக்கே அவள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ரூபேந்திரனைப் பிடித்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வாரத்துச் சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வருகிற பிரம்மச்சாரி அவன்.

"சார், நல்ல தமிழ்ல ஒரு போர்டு எழுதிக் கொடுங்க. மலாய்க்காரங்க மலாய் போர்டைப் பாத்து எடுத்துப் போட்டுடறாங்க. சீனவங்களும் எடுத்துடறாங்க. நம்ம ஆளுங்கதான் நின்னு படிக்கிறாங்க, தலையை ஆட்டுறாங்க, போயிடறாங்க."

ரூபேந்திரன் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தான். 'உலர்த்தியபின் வலையில் உள்ள பஞ்சை அகற்றவும்.'

அந்த ஞாயிற்றுக்கிழமை செல்வா வந்தான். சிங்கப்பூரில் வேலை, வாரம் ஒருமுறை வீடு. போர்டைப் படித்தான். சட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"செல்வா, பஞ்சு?" என்றாள் புஷ்பவள்ளி.

"எனக்கு எங்கக்கா பஞ்சு? என் சட்டை எல்லாம் பாலியெஸ்டர்."

அவள் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்ற எல்லோரும் அவரவர் சட்டைக் காலரைத் திருப்பி, அதில் தைத்திருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பருத்தி கட்டியவர் ஒருவர்கூட இல்லை.

ரூபேந்திரன் பஞ்சை அடித்துவிட்டுப் பிசிறு என்று எழுதினான். செல்வாவின் மனைவி கஸ்தூரி வந்து அதைப் படித்தாள்.

"பிசிறுன்னா சட்டை ஓரத்துல நூலு தொங்குமே, அதானேக்கா? அதைத் தையல்காரர்கிட்டல்ல சொல்லணும். நீங்க எதுக்கு இதெல்லாம் இழுத்துப் போட்டுக்கறீங்க?"

தூசி என்று மாற்றினார்கள். "தூசின்னா கடைக்காரங்க கூட்டணும்லா," என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். நூல்துகள் என்று போட்டதும் ஒருவர் அது மருந்தா என்று கேட்டார். கடைசியில் ரூபேந்திரன் எழுத்தையே கைவிட்டு, ஒரு கை வலையை உருவுவது போலப் படம் வரைந்தான். அதை ரொட்டி வாட்டும் மிஷின் என்று நினைத்த ஒருவர், ரொட்டியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று விசாரித்தார்.

புஷ்பவள்ளி தானே வலைகளை உருவ ஆரம்பித்தாள். அதற்கும் வழியில்லை. "அக்கா, என் துணி காயுதுல்ல, எதுக்குத் திறக்கறீங்க?" என்று அதட்டினார்கள். துணி முடிந்ததும் அடுத்த ஆள் தன் மூட்டையைத் திணித்துவிடுவார். வலை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கொழுத்துக்கொண்டே இருந்தது.

இந்த நிலைமையில்தான் கிரகோரி வாயைத் திறந்தார்.

கிரகோரி ஓய்வு பெற்ற எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவர். ஞாயிறு பிற்பகல் அவர் வீட்டில் மனைவி பியாட்ரிஸ் ஆண்டியின் ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு டோபிக்கு வந்துவிடுவார். துண்டு துவைத்தாக வேண்டும், காய்ந்தாக வேண்டும், மடித்தாக வேண்டும், ஜெபமும் முடிந்துவிடும். முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல் பொய் சொல்வதில் அவருக்கு ஜொகூர் முழுக்கப் பேர் உண்டு. இன்ஜின் கழன்று விழுந்தது தெரியாமல் யோங் பெங்கிலிருந்து கெலாங் பாத்தா வரை பஸ் ஓட்டியதாகச் சொல்வார். எப்படி அங்கிள் என்று கேட்டால், "எறக்கம்தானே," என்பார். மேப்பை எடுத்துக் காட்டினாலும் அசரமாட்டார். அப்போது இறக்கமாகத்தான் இருந்தது என்பார்.

கடை நிரம்பி வழிந்த நேரம். புஷ்பவள்ளி நாலாம் நம்பர் வலையிலிருந்து ஓர் உருண்டையை வழித்துக் குப்பையில் போடப் போனாள்.

"அய்யய்யோ, போட்றாதம்மா," என்றார் கிரகோரி மெதுவாக. "யாருது தும்பு அது?"

"எது?"

"தும்பு. கையில வச்சிருக்கியே. யாருதுன்னு தெரியாம குப்பையில போடலாமா? தும்பையா மாதிரி ஆளு எவனாச்சும் எடுத்துட்டா?"

"தும்பையா யாரு அங்கிள்?"

கிரகோரி துண்டை நான்காக மடித்தார். பிறகு பிரித்து எட்டாக மடித்தார். கடையில் இருந்தவர்கள் பக்கத்தில் நெருங்கினார்கள்.

"எங்க தாத்தா இருந்த எஸ்டேட்ல டோபி. வலது காலு கொஞ்சம் நொண்டி. அப்ப ஏது டிரையரு? கல்லுல அடிப்பாரு, ஓங்கி உதறுவாரு. உதறுனா பறக்கும் பாருங்க, அதை ஒன்னு விடாம கையில பிடிச்சி உருட்டுவாரு. ஒரு வீட்டுக்கு ஒரு உருண்டை. காலையில பெரட்டுல, பேரு கூப்பிட ஆளெல்லாம் வரிசையா நிக்கிறப்ப வெயில்ல தூக்கிப் பிடிச்சிப் படிப்பாரு."

"படிப்பாரா?"

"பேப்பர் படிக்கிற மாதிரி. மூனாவது லயத்து வீட்டுக்காரன் உருண்டையில கோழி இறகு. கணக்கெழுதற கிராணி வீட்டுல அன்னைக்குத்தான் கோழி காணாம போச்சி. இன்னொருத்தன் உருண்டையில சினிமாக் கொட்டாய் நாற்காலி மெத்தையோட நாரு. அவன் காய்ச்சல்னு லீவு போட்டவன். துரைதான் கள்ளுக்கடையை மூடச்சொன்ன ஆளு. அந்தத் துரை சட்டையில கள்ளுக்கடைப் பாயோட கோரை."

"அலமாக்! துரை சும்மாவா விட்டாரு?" என்றான் செல்வா.

"அடுத்த கப்பல்ல லண்டனுக்குப் போயிட்டாரு. வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போனதுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. எனக்குத் தெரிஞ்சது இதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. கிரகோரி சிரிக்காதபோது மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வராது.

"அன்னையிலேருந்து ஜனங்க துணி போடறதுக்கு முன்னாடியே தட்டித் தட்டி எடுத்துடுவாங்க. தும்பையா பாக்கறதுக்குள்ள எடு, தும்பையா பாக்கறதுக்குள்ள எடுன்னு வீட்டுக்கு வீடு இதே பேச்சி. அவசரத்துல ஐயா உதிர்ந்துபோச்சி. தும்பு நின்னுபோச்சி. அந்தப் பேரு வந்த வழி இதுதான்."

ரூபேந்திரனால் தாங்க முடியவில்லை. "அங்கிள், தும்புன்னா நாரு. தேங்கா நாரு. பழைய சொல்லு. அகராதியிலேயே இருக்கு. உங்க தும்பையா பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்தே இருக்கு."

"இருக்கும்," என்றார் கிரகோரி. "அவருக்கு வயசு அதிகம்."

"ஆதாரம் ஏதாச்சும் இருக்கா?"

"இருந்துச்சி. உருண்டையெல்லாம் ஒரு பெட்டியில வச்சிருந்தாரு. தீப்பிடிச்சிக்கிச்சி. தும்பாச்சே."

அப்போது ஐந்தாம் நம்பர் டிரையர் நின்றது. அது ரூபேந்திரனுடையது. அவன் சட்டைகளை எடுத்துக் கூடையில் போட்டான். போகத் திரும்பினான். கடை முழுவதும் அவனையே பார்த்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, வலையை உருவி, படிந்திருந்ததை ஒரு டிஷ்யூவில் வழித்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

அந்த நிமிடத்திலிருந்து புஷ்பவள்ளியின் கடையில் வலைகள் கண்ணாடி போல ஆயின. வெட்டிய நகத்தையும் உதிர்ந்த முடியையும் அடுத்தவர் கையில் சிக்கவிடாத ஜனங்கள் தும்பையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். சிலர் பல்துலக்கும் பிரஷ் கொண்டுவந்து மூலை மூலையாகத் தேய்த்தார்கள். லிம் வந்து ஆறு வலைகளையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாகூஸ்," என்று பாராட்டினார். பழைய பூனை புதுக் குட்டிகளுக்கு இடம் பார்க்க வந்து, படுக்கை இல்லாததைக் கண்டு முறைத்துவிட்டுப் போனது.

புஷ்பவள்ளி நிம்மதியாக மூச்சுவிட்டாள். விட்ட மூச்சை உள்ளே இழுப்பதற்குள் கஸ்தூரி வந்து நின்றாள்.

கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து கிரகோரியிடம் நீட்டினாள். "அங்கிள், இது அவரோட தும்பு. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

எந்தப் பொய்யிலும் தடுமாறாத கிரகோரி அன்று ஒரு கணம் தடுமாறினார். ஆனால் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. வாசலுக்குப் போய் உருண்டையை வெயிலில் பிடித்தார்.

"பச்சை நூலு. பஸ் சீட்டு. சுத்தமா இருக்கான்மா உன் புருஷன். வேலை, ரூமு, வேலை, ரூமு."

"இது என்னா, வெள்ளையா சுருட்டிக்கிட்டு?"

"அது நாய் முடி."

"அவரு ரூமுல நாய் கிடையாதே," என்றாள் கஸ்தூரி. "யாரு வீட்டு நாயி?"

அந்த நாய் யாருடையது என்ற கேள்விக்கு செல்வா இரண்டு நாள் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மேலதிகாரி ஊருக்குப் போனபோது அவர் நாய்க்குச் சோறு போட்டான், அவ்வளவுதான். ஆனால் ஊருக்குள் செய்தி வேறு மாதிரி பரவியது. கிரகோரி அங்கிள் ஒரு சின்ன உருண்டையிலிருந்து நாயையே கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கடைக்குள் நுழைய முடியவில்லை. ஆனால் வந்தவர்கள் துணி காயவைக்க வரவில்லை. டிரையருக்கு ஒரு மனைவி என்று வலைகளுக்குப் பக்கத்தில் காவல் நின்றார்கள். மருமகளின் தும்புக்கு மாமியார் ஒருத்தி மாவுச் சல்லடையோடு வந்திருந்தாள். ஆண்கள் துவைத்த துணியை ஈரத்தோடு பிழிந்து மூட்டை கட்டிக்கொண்டு, டிரையர் பக்கம் திரும்பாமல் ஓடினார்கள். அதற்கும் அடுத்த வாரம் பெண்களும் அப்படியே ஓடினார்கள். அவர்களுக்கும் தும்பு உண்டு என்பது வீட்டில் உள்ளவர்களுக்கு அப்போதுதான் உறைத்திருந்தது.

யோங் பெங்கில் மழைக்காலம். எந்த வீட்டைப் பார்த்தாலும் ஈரத்துணி. செல்வா தன் சட்டைகளை மோட்டார் சைக்கிளில் கொடி கட்டித் தொங்கவிட்டு, மழை பெய்யாத பக்கமாகக் கெலாங் பாத்தா வரை ஓட்டிக் காயவைத்துக்கொண்டு வந்தான். சட்டைகள் காய்ந்துவிட்டன. ஜீன்ஸுக்கு மட்டும் இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது.

ஆறு டிரையர்களும் வாயைத் திறந்துகொண்டு நின்றன. புகையால் மூட இருந்த கடை, புகைக்கு வழியே இல்லாமல் மூடும்போல் இருந்தது. புஷ்பவள்ளி கடையைப் பூட்டிக்கொண்டு நேராக கிரகோரியின் வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், என்னைக் காப்பாத்தறேன்னு கடையில ஈ ஓட்ட வச்சிட்டீங்க. ஞாயித்துக்கிழமை வந்து எல்லாம் பொய்யின்னு சொல்லிடுங்க."

கிரகோரி முகம் வாடிப்போனது. "சொன்னதைத் திருப்பி எடுக்கறதாம்மா? நான் இதுவரைக்கும் அப்படி நடந்துகிட்டதில்ல. அது மரியாதையில்ல."

"அவரு எடுக்க மாட்டாரு புஷ்பா," என்றாள் பியாட்ரிஸ் ஆண்டி, சமையலறையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து. "பொண்ணு பாக்க வந்தப்ப தனக்குக் கோபமே வராதுன்னு சொன்னாரு. அதையே இன்னும் திருப்பி எடுக்கல. என் தும்பு உன் தும்புன்னு ஊரைக் கெடுத்து வச்சிருக்காரு. இவரு துண்டு ஒன்னைத் துவைக்கிறதுக்கு ஊர்ல எவன் துணியும் காய மாட்டேங்குது."

"வேணும்னா மேல ஒன்னு சொல்றேன்," என்றார் கிரகோரி.

"வேணாம்! நீங்க சொன்ன ஒன்னே போதும்."

புஷ்பவள்ளி கடைக்குத் திரும்பினாள். செய்வதற்கு ஒன்றுமில்லாததால் ஆறு வலைகளையும் உருவினாள். பயந்து ஓடியவர்கள் பாதியில் விட்டுப்போன கொஞ்சம் தும்பு ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தது. ஆறையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தாள். கஸ்தூரி டிரையரில் சிவப்புச் சுடிதாரைப் போட்டாள், ரூபேந்திரன் நீலச் சட்டையைப் போட்டான், மாமியார் மஞ்சள் சேலையைப் போட்டாள். வலையில் விழுந்தது மட்டும் எல்லாம் ஒரே சாம்பல். இரண்டை எடுத்துச் சேர்த்து உருட்டினாள். எது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

புஷ்பவள்ளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை நடுவே ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. மூடி போட்டு, மூடிமேல் ஒரு மர அகப்பை. வந்தவர்கள் ஈரமூட்டைகளோடு அதைச் சுற்றி நின்றார்கள்.

"என்னாக்கா இது?" என்றாள் கஸ்தூரி.

புஷ்பவள்ளி முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள். எப்படி வைப்பது என்று எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தே கற்றிருந்தாள்.

"கிரகோரி அங்கிள் அன்னைக்குப் பாதிக் கதைதான் சொன்னாரு. துண்டு காஞ்சிடுச்சி, கிளம்பிட்டாரு. தும்பையாவுக்கு ஒரு வீட்டுத் தும்பைத்தான் படிக்க வரும். ரெண்டு வீட்டுது கலந்துடுச்சின்னா ஒரு எழுத்துத் தெரியாது. அதனால அந்தக் காலத்து ஆளுங்க என்னா செஞ்சாங்க? எல்லாத் தும்பையும் ஒரே டின்னுல போட்டுக் கலக்கி விட்டுட்டாங்க. தும்பையா வந்து பாத்தாரு. கண்ணைக் கசக்கினாரு. அத்தோட அந்தத் தொழிலை விட்டுட்டாரு."

எல்லோரும் கிரகோரியைப் பார்த்தார்கள்.

கிரகோரியின் வாழ்க்கையில் அவர் கதைமேல் இன்னொருவர் கதை ஏறி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பொய் என்று சொன்னால் அடியில் இருக்கும் தன் கதையும் சேர்ந்து சரியும். அவர் துண்டை எட்டாக மடித்தார். பதினாறாக மடிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வலப்பக்கமா கலக்கணும்," என்றார் கடைசியில்.

இருந்தாலும் ஜனங்கள் தயங்கினார்கள். ஏமாந்த அனுபவம் இருந்தது. அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஆள் பேசினார். யாருக்கும் அவரைத் தெரியாது. பெயர் காளியப்பன், செடெனாக்கில் வீடு, கம்பளம் பெரியதாக இருந்ததால் பெரிய டிரையர் தேடி வந்தவர்.

"யாரு, தும்பையாவா? டோபி தும்பையாவா? எனக்குப் பெரியப்பா முறை."

கிரகோரியின் கையிலிருந்து துண்டு நழுவியது.

"யாரு?" என்றார்.

"தும்பையாப் பெரியப்பா. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மடியில தூக்கி வச்சிருக்காரு. இந்தத் தங்கச்சி சொல்றது சரிதான், கடைசிக் காலத்துல படிக்கிறதை விட்டுட்டாரு. இடது காலை இழுத்து இழுத்து நடப்பாரு, பாவம்."

"வலது காலு," என்றார் கிரகோரி. அவர் குரலில் அப்போது இருந்தது உண்மையான கோபம்.

"இடது காலுங்க."

"வலது காலுன்னு நான் சொல்றேன்ல!"

காளியப்பன் பெருந்தன்மையோடு சிரித்தார். "நீங்க எதிர்ல நின்னு பாத்திருப்பீங்க."

கிரகோரி கீழே விழுந்த துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜனங்களுக்கு இதற்குமேல் ஆதாரம் தேவைப்படவில்லை. சொந்தக்காரரே வந்து சொல்லிவிட்டார். அரைமணியில் ஆறு டிரையர்களும் சுற்றின. ஒவ்வொருவரும் வலையை உருவி, படிந்ததைச் சுத்தமாக வழித்து, டின்னில் போட்டு, அகப்பையால் வலப்பக்கமாகக் கலக்கிவிட்டுப் போனார்கள். செல்வா மட்டும் கொஞ்சம் அதிக நேரம் கலக்கினான்.

டின்னுக்கு மூடி இருப்பதைப் பார்த்து லிம்முக்கு மனசு குளிர்ந்தது. தன் பனியன்களைக் கொண்டுவந்து அவரும் காயவைத்தார், அவரும் கலக்கினார். பிறகு புஷ்பவள்ளியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, கடை தூத்தோப் இல்லை. நீ இரு. ஆனா ஒரு விஷயம். அந்தச் செடெனாக் ஆளு என்கிட்ட வந்தாரு. பெரியப்பாவுக்கு இதுவரைக்கும் ஒன்னுமே செய்யலையாம். பேப்பர்ல ஒரு டிரையர் கேக்கறாரு."

அடுத்த ஞாயிறு கடைக்குப் பின்னால், லிம் காகிதம் கொளுத்தும் தகரப் பீப்பாய்க்கு முன்னால், எல்லோரும் கூடினார்கள். காகித டிரையர் இடுப்புயரம் இருந்தது. வட்டக் கதவு திறந்தது. டோக்கன் போட ஓட்டைகூட இருந்தது. காளியப்பன் கைகூப்பி நின்றார். கிரகோரி கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வரமாட்டேன் என்று சொன்னவர்தான். ஆனால் டிரையரைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"டிரையர் காலை இன்னும் கொஞ்சம் தாழ்வா வச்சிருக்கலாம் தவுக்கே. நொண்டி மனுஷன் எட்டி எட்டியா போடுவாரு?"

"எந்தக் காலு நொண்டி?" என்று லிம் கேட்டார்.

பியாட்ரிஸ் ஆண்டி கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

லிம் தீக்குச்சியை உரசினார். "இருங்க," என்றாள் புஷ்பவள்ளி. பழக்க தோஷம். காகித டிரையரின் அடியில் கைவிட்டு, அங்கே இருந்த காகித வலையை உருவினாள்.

வலையில் சாம்பல் நிறத்தில் தும்பு படிந்திருந்தது.

"நான்தான் வச்சேன்," என்றார் லிம். "ஒரிஜினல் மாதிரி இருக்கணும்லா. என்னோட பனியன்ல எடுத்தது."

தும்பையா என்று ஒருவர் பிறக்கவே இல்லை என்பது அந்தக் கூட்டத்தில் இரண்டு பேருக்கு நிச்சயமாகத் தெரியும். ஒருத்தர் கிரகோரி. இன்னொருத்தி புஷ்பவள்ளி. அவள் கையில் இருந்த தும்பைப் பார்த்தாள். பீப்பாயைப் பார்த்தாள். லிம்மின் தும்பு இப்படித் தனியாக, கலக்காமல், நேராகப் போய்த் தும்பையாவின் கையில் சேர்ந்தால்?

"ஒரு நிமிஷம் தவுக்கே," என்றாள். கடைக்குள் ஓடினாள். தும்பை டின்னில் போட்டு, வலப்பக்கமாக மூன்று சுற்று கலக்கி, மூடியை அழுத்தி மூடினாள். திரும்பி வந்து, வெறும் வலையை டிரையரில் செருகினாள்.

"ம், இப்ப பத்த வைங்க," என்றாள்.